துணைவரும் விலங்குகள்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற விந்தைக் கதைகளை எடுத்து நோக்கினால், அவற்றின் தலைமை மாந்தர் பெரும்பாலும் தனியராய் இருத்தலைக் காணலாம். அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் பாம் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓஸ் நாட்டு மாயாவியின் கதையில் வரும் டாரதி, பெற்றோரை இழந்து கான்சாஸ் சமவெளியில் உறவினர் குடிசையில் வளர்பவள். ரட்யார்ட் கிப்ளிங்கின் மோக்லி, புலியின் வாய்க்குத் தப்பி ஓநாயின் குகைக்கு நடந்து வந்த குழந்தை. இத்தாலிய நாட்டுக் கொல்லோதியின் பினோக்கியோவோ, ஏழைத் தச்சன் ஒருவன் மரத்தில் செதுக்கிய பொம்மை. இவ்வாறு அமைந்தது தற்செயல் அன்று. தாயும் தந்தையும் அருகில் இருப்பின், நேரும் இடர்களை அவர்களே நீக்கிவிடுவர். கதை முதல் இயலிலேயே முடிந்துபோம். ஆதலின், கதை நடக்க வேண்டுமானால் சிறுவன் தனியே புறப்பட வேண்டும்.

ஆயினும், முற்றும் தனியனாய் விடப்பட்ட சிறுவனைக் கண்டால் படிக்கும் சிறுவனுக்கு அச்சமே மிகும். பேசுவதற்கும் ஓர் உயிர் இல்லாதவன் தன் உள்ளத்தில் எழும் ஐயங்களை எவரிடம் வெளியிடுவான்? பெரியவர் ஒருவரைத் துணை கூட்டினால் அவர் மீண்டும் தந்தையின் இடத்தைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு சிறுவனைக் கூட்டினால் இருவரும் ஒன்றையே அஞ்சி, ஒன்றையே அறியாது நிற்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தில் விலங்கு வந்து நிற்கிறது. ஒரு வகையில் அது சிறுவனினும் எளியது; அவன் கையை எதிர்நோக்கி உண்பது. மற்றொரு வகையில் அவனினும் வலியது. அவனால் இயலாத ஒன்றை இயல்பாகவே செய்ய வல்லது. அது பறக்கும், மோப்பம் பிடிக்கும், இருளிலும் காணும். அதட்டும் உரிமை மட்டும் அதற்கு இல்லை. குழந்தையின் நெஞ்சிற்கு இதனினும் உகந்த துணை வேறு யாது?

விலங்கைக் கதையுள் அழைத்து வந்தவர் மேனாட்டார் மட்டும் அல்லர். பஞ்சதந்திரம் வடமொழியில் தோன்றி, ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பகலவியிலும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழியிலும் பெயர்க்கப்பெற்றது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவிற்று. தமிழில் தாண்டவராய முதலியாரின் உரைநடையில் அது 1826-ஆம் ஆண்டில் அச்சேறியது. அதன் இரண்டாம் தந்திரத்தில் காக்கை, எலி, ஆமை, மான் என்னும் நால்வரும் நண்பராய் வாழ்கின்றனர். வேடன் ஆமையைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போகின்றான். மான் நீர்க்கரையில் இறந்ததுபோல் கிடக்கின்றது. காக்கை அதன் கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்கின்றது. பெரிய இரை கிடைத்ததென்று வேடன் ஆமையைக் கீழே போட்டுவிட்டு ஓட, எலி ஆமையின் கட்டைக் கடித்து அறுக்கின்றது. ஆமை நீரில் மூழ்க, மான் துள்ளி எழுந்து ஓட, காக்கை பறந்து போகின்றது. இந்நிகழ்ச்சியில் எவரும் தம் இயல்புக்குப் புறம்பான ஒன்றைச் செய்தாரிலர். எலியின் பல்லும், காக்கையின் அலகும், மானின் காலுமே ஆமையைக் காத்தன. துணைமாந்தராய் விலங்கைப் படைப்போர் முதற்கண் அறிய வேண்டுவது இதுவே: விலங்கின் உதவி, அவ்விலங்கின் உடம்பிலிருந்தே பிறத்தல் வேண்டும். எலியைக் கொண்டு வாட்போர் செய்வித்தால், அங்கே எலி இல்லை; எலித்தோல் போர்த்த மனிதனே நிற்கின்றான்.

டாரதியின் நாய்க்குட்டியாகிய டோட்டோ இதற்குச் சிறந்த சான்றாகும். அக்கதையில் வைக்கோல் மனிதன் பேசுகின்றான், தகர மனிதன் பேசுகின்றான், சிங்கமும் பேசுகின்றது. டோட்டோ மட்டும் பேசுவதில்லை, குரைப்பதோடு சரி. எனினும் கதையின் பெருந்திருப்பங்கள் இரண்டு அந்நாயினால் நேர்கின்றன. மாயாவியின் அரியணைக் கூடத்தில் சிங்கம் முழங்க, அது கேட்டு வெருண்ட நாய் ஒரு பக்கமாய்த் துள்ளி, மூலையில் நின்ற திரையைத் தள்ளிவிடுகின்றது. திரைக்குப் பின்னே நிற்பவன் வழுக்கைத் தலைக் கிழவன் ஒருவன்! நாடெல்லாம் நடுங்கிய மாயம் அந்நொடியிலேயே வெளிப்பட்டு விடுகின்றது. பின்னொரு நாள், டாரதியை ஊருக்கு ஏற்றிச் செல்ல வான்கூண்டு ஆயத்தமாய் நிற்க, நாய் ஒரு பூனைக்குட்டியைத் துரத்திக் கூட்டத்துள் புகுந்துவிடுகின்றது. அதனைத் தேடிப் பிடித்து அவள் வருமுன் கூண்டு வானில் எழுந்துவிடுகின்றது. ஒன்று உதவி, ஒன்று கேடு. இரண்டும் நாயின் செயல்களே. இரண்டிலும் அதற்கு உள்நோக்கம் ஏதும் இல்லை. கதையைத் திருப்ப வேண்டிய இடத்தில் மந்திரத்தைத் தேடாமல், நாய் எதைச் செய்யும் என்பதை மட்டும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். பின்னர் 1914-இல் வெளியிட்ட வேறொரு நூலில் டோட்டோவும் பேச வல்லதே என்று அவர் எழுதினார். பேசாதிருந்த நாயே மேலானது என்று கருதுவோர் உளர். அவர் கருத்துத் தவறென்று சொல்வதற்கில்லை.

உதவி செய்வது மட்டுமே துணையின் இலக்கணமாகிவிடாது. அறிவுரை கூறுவது ஓர் உதவிதான். ஆனால் அறிவுரை ஒன்றையே தொழிலாகக் கொண்ட துணைவரைச் சிறுவர் விரும்புவதில்லை. இவ்வுண்மையைக் கொல்லோதி நன்கு அறிந்திருந்தார் போலும். 1881-ஆம் ஆண்டில் சிறுவர் இதழொன்றில் அவர் தொடராக எழுதிய பினோக்கியோவின் கதையில், பேசும் சிள்வண்டு ஒன்று வருகின்றது. நூறாண்டுகட்கு மேலாய் அவ்வறையிலேயே வாழ்ந்த அவ்வண்டு, வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகளுக்கு நேரும் கேட்டினை எடுத்துரைக்கின்றது. மரப்பொம்மை அதனைக் கேட்டுத் திருந்தவில்லை; சினங்கொண்டு மரச்சுத்தியலை எடுத்து வீசுகின்றது. வண்டு சுவரோடு ஒட்டி மடிகின்றது. நான்காம் இயலிலேயே இது நிகழ்ந்துவிடுகின்றது! பின்னர் அது ஆவியாய் வந்து ஒரு முறை எச்சரிக்கின்றது. அப்பொழுதும் கேட்பார் இல்லை.

இக்கதையைத் திரைப்படமாக்கிய வால்ட் டிஸ்னியின் கலைக்கூடத்தார், 1940-இல் வெளிவந்த தம் படத்தில் அச்சிள்வண்டைச் சாகவிடவில்லை. கதை முழுவதும் உடன்வரும் தோழனாக்கினர். அதற்கு அவர்கள் செய்த மாற்றம் கருதத்தக்கது. படத்தின் வண்டு கந்தலுடையோடு குளிர்காய இடம் தேடி வரும் நாடோடி. மனச்சான்றாக இருக்கும் பணி அதன்பால் ஒப்புவிக்கப்படுகின்றது. பணியேற்ற மறுநாள் காலையிலேயே அது நெடுநேரம் உறங்கிவிட, பொம்மை தீயோர் கையில் சிக்குகின்றது. குறையே இல்லாத ஆசான் சுத்தியலுக்கு இரையானான். தானும் பிழைசெய்து, பிழைக்கு நாணி, பின்னே ஓடிவரும் வண்டு தோழனாயிற்று. நூலில் உள்ள வண்டின் கூர்மை படத்தில் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் துணைமாந்தன் ஒருவன் எவ்வாறு உருவாகின்றான் என்பதை அறிய விழைவோர்க்கு இரு வண்டுகளையும் ஒருசேர வைத்துக் காண்பது நலம்.

துணைவனுக்குத் தன் வாழ்வு ஒன்று இருத்தல் வேண்டும். தலைவன் அழைத்தவிடத்து வருவதும், அழையாதவிடத்து மறைவதுமாய் இருப்பவன் துணைவன் அல்லன்; ஏவலாள். கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட கானகக் கதைகளில் வரும் பகீரா என்னும் கருஞ்சிறுத்தையை எடுத்துக்கொள்க. ஓநாய்களின் அவையில் மோக்லியின் உயிருக்கு விலையாக ஒரு காளையைத் தந்து அவனைக் காத்தது பகீராவே. காட்டில் அதன் வழியில் குறுக்கிட எவரும் துணியார். அத்தகைய வீரவிலங்கு ஒருநாள் சிறுவனை அழைத்துத் தன் தாடையின் கீழே தொட்டுப் பார்க்கச் சொல்கின்றது. அங்கே மயிரின்றித் தேய்ந்த சிறு தழும்பு ஒன்று அவன் விரலுக்குத் தட்டுப்படுகின்றது. கழுத்துப்பட்டையின் அடையாளம் அது! பகீரா பிறந்தது காட்டில் அன்று. உதயப்பூர் அரண்மனைக் கூண்டில். அதன் தாய் மாண்டதும் அக்கூண்டிலேயே. தான் மனிதரின் விளையாட்டுப் பொருள் அன்று என்று ஓரிரவில் உணர்ந்து, பூட்டைத் தன் காலால் அறைந்து உடைத்து வெளியேறிய விலங்கு அது.

அத்தழும்பு இல்லாவிடினும் கதை நடக்கும். ஆனால் அஃது இருப்பதனால் எத்துணை வேறுபாடு! மனிதர் கூண்டிலிருந்து காட்டிற்கு மீண்ட விலங்கு, விலங்குகளிடையே வளர்ந்த மனிதக் குழந்தையின்பால் அன்பு கொள்வது ஏன் என்பது சொல்லாமலே விளங்குகின்றது. தான் தன் காட்டிற்கு மீண்டதுபோல் மோக்லியும் ஒருநாள் தன் இனத்தாரிடம் மீள வேண்டியிருக்கும் என்பதனைப் பகீரா முன்னரே அறியும். அன்புடைய அவ்விலங்காலும் அவன் கண்களை நேர்க்கு நேர் நோக்க இயலவில்லை. நட்பிற்கும் ஓர் எல்லை உண்டென்பதை இவ்வளவு மென்மையாய்க் காட்டிய சிறுவர் கதைகள் சிலவே. 1895-இல் வெளிவந்த இரண்டாம் நூலின் இறுதியில், மோக்லி காட்டைவிட்டுப் புறப்படுங்கால், பகீரா மற்றொரு காளையை வீழ்த்திவிட்டு வந்து, அவனுக்குரிய கடன் யாவும் தீர்ந்ததென்று அறிவிக்கின்றது. முதலில் உயிருக்கு விலையாய் வந்த காளை, முடிவில் விடுதலைக்கு விலையாய் வருகின்றது. வெர்மாண்டு என்னும் அமெரிக்க நாட்டுப் பனிப்பகுதியில் அமர்ந்து இக்கானகத்தை எழுதியவர், பம்பாயில் பிறந்த கிப்ளிங்.

மேற்கூறிய பண்புகள் யாவும் ஒருங்கே அமைந்த நூல், அமெரிக்க எழுத்தாளர் இ. பி. ஒயிட் 1952-இல் வெளியிட்ட 'ஷார்லட்டின் வலை' என்பதாகும். அதில் தலைமை மாந்தனும் விலங்கு, துணையும் விலங்கு. வில்பர் என்பது பன்றிக்குட்டி. பனிக்காலம் வந்ததும் அதனைக் கொல்வது பண்ணையாரின் எண்ணம். களஞ்சியத்தின் கதவு மூலையில் வாழும் ஷார்லட் என்னும் சிலந்தி அதனைக் காப்பாற்ற உறுதி கூறுகின்றது.

ஒயிட் மெயின் மாநிலத்தில் பண்ணை வைத்து வாழ்ந்தவர். தாம் வளர்த்த பன்றி நோயுற்று, இரவு பகலாய்ப் பணிவிடை செய்தும் பிழையாது மாண்டதைப் பற்றி 1948-இல் ஒரு கட்டுரை எழுதினார். கொன்று உண்பதற்கென்றே வளர்த்த ஒன்றின் உயிரைக் காக்கத் தாம் பட்ட பாடு அவர் நெஞ்சை உறுத்திற்று. பன்றியொன்று காக்கப்படும் கதையை எழுதும் எண்ணம் தோன்றிற்று. ஆனால் காப்பது யார்? அக்காலத்தில் தம் களஞ்சியத்தில் பெரிய சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று முட்டைப்பை நெய்வதை அவர் கண்டார். அப்பையை அறுத்தெடுத்து, மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் இட்டு நியூயார்க்கு நகருக்குக் கொண்டுசென்று, தம் அறையின் அலமாரிமேல் வைத்தார். சில வாரங்களில் பெட்டியின் துளைகள் வழியே சிலந்திக் குஞ்சுகள் வெளிப்பட்டு, மயிர் கோதும் தூரிகைக்கும் கண்ணாடிக்கும் இடையே நூல் கட்டின. அவர் அவற்றைக் கலைக்கவில்லை. துப்புரவு செய்யும் பெண் முணுமுணுத்த பின்னரே அக்காட்சி முடிவுற்றது.

சிலந்திகளைப் பற்றிய அறிவியல் நூல்களையும் அவர் ஊன்றிக் கற்றார். அதன் பயன் கதையெங்கும் விளங்குகின்றது. ஷார்லட் தன் காலில் உள்ள ஏழு கணுக்களின் பெயரையும் சொல்கின்றது. தலைகீழாய்த் தொங்குகின்றது. ஈயின் குருதியைக் குடிக்கின்றது. அதை மறைப்பதும் இல்லை. முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்ட வில்பர் நடுங்கிப் போகின்றது: 'இத்தகைய கொடியதோடா நட்பு?' என்று அதன் உள்ளம் தயங்குகின்றது. தன் தாயும், தாயின் தாயும் இவ்வாறே வாழ்ந்தனர் என்றும், சிலந்திகள் பூச்சிகளை உண்ணாவிடின் அவை பெருகி உலகையே அழித்துவிடும் என்றும் ஷார்லட் அமைதியாய் விடை கூறுகின்றது. இனிமை பூசப்பட்ட துணைவர் பலர் மலிந்த சிறுவர் நூல்களில் இஃது அரிய இடம். அருவருக்கத்தக்க உயிர் என்று பலராலும் ஒதுக்கப்படும் ஒன்றை, அதன் இயல்பை ஒரு சிறிதும் குறைக்காமல் காட்டி, அதன்மேல் அன்பு தோன்றச் செய்தார் ஆசிரியர். நூலுக்குப் படம் வரைந்த கார்த் வில்லியம்சு முதலில் சிலந்திக்குப் பெண்ணின் முகம் போல் வரைந்து பார்த்தார். ஒயிட் அதனை ஏற்றிலர். சிலந்தி சிலந்தியாகவே இருந்தது.

ஷார்லட் செய்த உதவியும் அதன் உடம்பிலிருந்தே பிறந்தது. வலைபின்னத் தெரிந்தது, வலையில் எழுத்துப் பின்னிற்று. பன்றியைப் புகழும் சொற்கள் விடியற்காலைப் பனித்துளிகளோடு வலையில் மின்னக் கண்ட ஊரார், வியத்தகு பன்றி என்று திரண்டு வந்தனர். வியக்கத்தக்கது சிலந்தியன்றோ என்று பண்ணையாரின் மனைவி ஒருத்தி மட்டும் சொல்லிப் பார்க்கிறாள். அவள் சொல் எடுபடவில்லை. கதையில் அவளுக்கு அமைந்த பங்கு மிகச் சிறிது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மாந்தரின் மடமையை முழுதும் எடுத்துக் காட்டிவிடுகின்றது. துணைமாந்தர் எல்லாரும் நெடுநேரம் மேடையில் நிற்க வேண்டுவதில்லை.

டெம்பிள்டன் என்னும் எலியைப் பற்றி ஒரு சொல். அது நல்ல எலி அன்று. தன் வயிற்றைத் தவிர வேறெதையும் எண்ணாதது. வலையில் பின்னுதற்குப் புதிய சொற்கள் வேண்டிக் குப்பைமேட்டிலிருந்து தாள் துணுக்குகளைக் கொணருமாறு அதனைக் கேட்டபொழுது, முதலில் மறுத்துவிடுகின்றது. பன்றி இறந்தால் பன்றித் தொட்டியில் எஞ்சும் உணவும் போய்விடும் என்று கிழட்டு ஆடு எடுத்துக் கூறிய பின்னரே இணங்குகின்றது. அது பேராசையால் ஒளித்து வைத்த கூமுட்டை ஒன்று, சிலந்தியைப் பிடிக்க வந்த சிறுவன் விழுந்த அதிர்ச்சியில் உடைந்து நாறுகின்றது. சிறுவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, ஷார்லட் உயிர் தப்புகின்றது. கதையின் இறுதிவரை எலி திருந்துவதில்லை. இறுதியிலும் முட்டைப்பையை எடுத்துத் தருவதற்கு, வில்பரின் தொட்டியில் முதலில் உண்ணும் உரிமையை விலையாகக் கேட்டுப் பெறுகின்றது. வேறோர் ஆசிரியராயின் அதனை நல்லதாக்கி அழவைத்திருப்பார். ஒயிட் அவ்வாறு செய்யாமையால் ஷார்லட்டின் அன்பு பன்மடங்கு ஒளி பெறுகின்றது; விலை கேளாது உதவுவோர் அக்களஞ்சியத்தில் எத்துணை அரியர் என்பது எலியைக் கண்ட பின்னரே புலனாகின்றது.

பெர்ன் என்னும் சிறுமியின் வரலாறு வேறு. நூலைத் திறந்தவுடன் காணப்படுபவள் அவளே. நலிந்து பிறந்த பன்றிக்குட்டியை வெட்டக் கோடரியோடு செல்லும் தந்தையை மறித்து, அதன் உயிரைக் காப்பவள். ஆனால் ஆசிரியரின் முதற் படியில் கதை அவளிடத்துத் தொடங்கவில்லை. எழுதி முடித்த படியை ஒயிட் நெடுநாள் ஒதுக்கி வைத்தார். பின்னர் மீண்டும் எடுத்து, பெர்னைக் குறித்த தொடக்க இயல்களைப் புதிதாய்ச் சேர்த்தார். களஞ்சியத்தின் மணத்தோடும் விலங்குகளின் பேச்சோடும் தொடங்கிய கதைக்குள் படிக்கும் சிறுமி நுழைவதற்கு ஒரு வாயில் தேவைப்பட்டது. பெர்ன் அவ்வாயில் ஆனாள். முக்காலியில் அமர்ந்து விலங்குகளின் பேச்சைக் கேட்கும் பேறு மனிதருள் அவளுக்கே கிட்டியது. எனினும் அவளைக் காவலாய் இறுதிவரை நிறுத்தவில்லை ஆசிரியர். அவள் வளர்கிறாள். பொருட்காட்சியில் வில்பர் பரிசு பெறும் வேளையில் அவள் அங்கில்லை. பெரிய இராட்டினத்தில் தோழனோடு சுற்றுதற்கு ஓடிவிட்டாள். சிலர் இதைக் குறையென்பர். குழந்தைகள் வளரும்பொழுது அவ்வாறு போவதே இயல்பு. போகாமல் நிற்பவள் பொம்மையாகவே இருந்திருப்பாள்.

ஷார்லட்டின் முடிவிற்கு வருவோர், அங்கே பகைவன் எவனும் இல்லாமையைக் காண்பர். நஞ்சு இல்லை, அம்பு இல்லை, சூழ்ச்சியும் இல்லை. அவ்வகைச் சிலந்தி கோடையில் வாழ்ந்து, கூதிரில் முட்டையிட்டு, பின் மாள்வது. அறிவியல் நூல் கூறும் அவ்வுண்மையையே கதையின் முடிவாக ஒயிட் கொண்டார். பொருட்காட்சித் திடலின் பன்றிக்கொட்டிலில் ஷார்லட் ஐந்நூற்றுப் பதினான்கு முட்டைகளைப் பையிலிட்டுக் காத்து, ஊருக்குத் திரும்ப வலிமை இன்றி அங்கேயே தங்கிவிடுகின்றது. பெர்ன் இல்லாமலும் கதை நடக்கலாம். எலி நல்லதாகவும் மாறியிருக்கலாம். ஷார்லட் பிழைத்து வந்திருந்தால் மட்டும் அது சிலந்தியாய் இருந்திராது. வில்பர் தன்னைக் காத்த துணைக்குக் கைம்மாறாக அம்முட்டைப்பையைத் தன் வாயில் ஏந்தி, நாவின்மேல் வைத்து வீட்டிற்குக் கொண்டு செல்கின்றது. வேனில் வந்ததும் குஞ்சுகள் நூலேணி கட்டிக் காற்றில் மிதந்து போக, மூன்று மட்டும் களஞ்சியத்தில் தங்குகின்றன.

1970-ஆம் ஆண்டில் தம் நூலைத் தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்ய ஒயிட் இசைந்தார். அப்பொழுது அவர்க்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஷார்லட் துணையின்றித் தனியே இறந்ததைக் கூறும் வரியை அடைந்தவுடன் அவர் குரல் உடைந்தது. கருவியை நிறுத்தச் சொல்லி, வெளியே நடந்து சென்று, மீண்டும் வந்து அமர்ந்து படித்தார். மறுபடியும் குரல் உடைந்தது. அவ்வொரு வரி பதிவாவதற்குப் பல முறை தொடங்க வேண்டியதாயிற்று.